ஆய்வகத்தில் அழியும் புற்றுநோய் நோயாளியின் உடலில் ஏன் அழிவதில்லை?

மாதத்துக்கு ஒரு முறையாவது ‘புற்றுநோய்ச் செல்களை ஆய்வகத்தில் முற்றிலும் அழித்த விஞ்ஞானிகள்’ என்று ஒரு செய்தி வருகிறது. ஒரு முறை அது மூலிகைச் சாறு, மறு முறை புதிய மூலக்கூறு. ஆனால் மருத்துவமனையில் கொடுப்பதோ அதே கீமோதெரபிதான். அப்படியானால் அந்தக் கண்டுபிடிப்புகளெல்லாம் எங்கே போகின்றன, மருந்து நிறுவனங்கள் மறைத்துவிடுகின்றனவா என்பதே கேள்வி. பெரும்பாலானவை மறைக்கப்படுவதில்லை, தோற்றுப்போகின்றன என்பதே என் விடை. ஏன் தோற்கின்றன என்பதைத் தோற்காத ஒரு மருந்தின் வரலாற்றை வைத்து விளக்குவதுதான் எளிது. அந்த மருந்து இமாடினிப். அது வீழ்த்திய நோய் நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா, மருத்துவர்கள் சுருக்கமாகச் சி.எம்.எல். என்று சொல்லும் ரத்தப் புற்றுநோய்.

முதலில், ‘ஆய்வகத்தில் அழித்தது’ என்றால் நடைமுறையில் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் 96 சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் புற்றுநோய்ச் செல்களை இளஞ்சிவப்பு நிற ஊட்டத் திரவத்தில் விட்டு, சோதிக்க வேண்டிய பொருளை வரிசைக்கு வரிசை செறிவைக் கூட்டிச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் 37 டிகிரி வெப்பப் பெட்டியில் வைப்பார்கள். பிறகு மஞ்சள் நிறச் சாயம் ஒன்றை ஊற்றுவார்கள். உயிரோடு இருக்கும் செல்கள் அதை ஊதாவாக மாற்றும், செத்த செல்கள் மாற்றாது. ஊதா எவ்வளவு குறைந்தது என்று கருவி அளந்து சொல்லும். இதில் வெற்றி பெறுவது பெரிய காரியமே இல்லை. பினாயிலும் இந்தச் சோதனையில் தேறும், சாராயமும் தேறும். எந்தச் செறிவில் அழித்தது, அந்தச் செறிவு மனித ரத்தத்தில் எட்டக்கூடியதா, பக்கத்துக் குழியில் இருந்த நல்ல செல்களுக்கு என்ன ஆயிற்று ஆகிய மூன்றும் செய்தியில் இல்லையென்றால், அந்தச் செய்தியில் ஒன்றுமே இல்லை என்று கொள்ளலாம்.

மஞ்சளில் உள்ள குர்குமின் இதற்குக் கண்ணெதிரே உள்ள உதாரணம். அது தட்டில் அழிக்காத புற்றுநோய் வகையே இல்லை எனும் அளவுக்கு ஆய்வுக் கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. ஆனால் அது நீரில் கரைய மறுக்கிறது, எளிதில் சிதைகிறது, விழுங்கினால் ரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம். போதாததற்கு, அது நிறமும் ஒளிர்வும் உடைய பொருள்; கண்ட புரதங்களோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது; ஆகவே ஒளியை அளந்து முடிவு சொல்லும் சோதனைகளில் இல்லாத பலனை இருப்பதாகக் காட்டக்கூடியது. 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் இதையெல்லாம் தொகுத்து விரிவாகவே எழுதினார்கள். இதைச் சொன்னால், ‘மூலிகை என்றாலே உங்களுக்கு இளக்காரம்’ என்று கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படியில்லை. நம் வீட்டு வாசலில் தானாக முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் கிடைத்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் முதல்வரிசை மருந்து. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் அந்தச் செடியைச் சர்க்கரை நோய்க்காகத்தான் ஆராய்ந்தார்கள். சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசியாகச் செலுத்தியபோது வெள்ளை அணுக்கள் சரிந்தன. அந்தச் சரிவுக்குக் காரணமான மூலக்கூறைத் தனியே பிரித்தெடுத்து, அளவு கண்டு, அதன் நச்சுத்தன்மையையும் அளந்த பிறகுதான் அது மருந்தாயிற்று. இலையை மென்றால் அது நடக்காது; மெல்லவும் கூடாது.

இனிச் சி.எம்.எல். கதைக்கு வருகிறேன். 1950களின் இறுதியில் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் என்ற நோயியலாளர், லுக்கீமியா நோயாளிகளின் வெள்ளை அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்துவந்தார். சாயம் ஏற்றுவதற்கு முன் தகட்டைக் குழாய்த் தண்ணீரில் அலசியதால் செல்கள் நீர் குடித்து உப்பி, உள்ளே இருந்த குரோமோசோம்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் பளிச்சென்று தெரிந்தன. குரோமோசோம்களைப் பார்த்துப் பழகிய டேவிட் ஹங்கர்போர்டு என்ற ஆய்வு மாணவரோடு சேர்ந்து, சி.எம்.எல். நோயாளிகளின் செல்களில் அளவில் மிகச் சிறிய குரோமோசோம் ஒன்று இருப்பதை அவர் 1960இல் அறிவித்தார். ஊர்ப் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் ஆயிற்று. ஒரு புற்றுநோய்க்கும் ஒரு குறிப்பிட்ட மரபியல் கோளாறுக்கும் உள்ள தொடர்பு முதன்முதலாகக் கண்ணால் காணப்பட்டது அப்போதுதான். ஆனால் அது நோயின் காரணமா, நோயின் விளைவா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அடுத்த அடி எடுத்துவைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. குரோமோசோம்களில் பட்டை பட்டையாகச் சாயம் ஏற்றும் உத்தி வந்த பின், சிகாகோவில் ஜேனட் ரௌலி அவற்றின் புகைப்படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கத்தரித்துப் பரப்பி, ஜோடி சேர்த்துப் பார்த்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். பிலடெல்பியா குரோமோசோமாகச் சிறுத்த 22ஆம் குரோமோசோமிலிருந்து குறைந்த துண்டு எங்கும் தொலைந்துவிடவில்லை, 9ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருக்கிறது, 9இன் நுனி இங்கே வந்திருக்கிறது, அதாவது இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டுள்ளன என்று அவர் 1973இல் காட்டினார். 1980களில் பல ஆய்வகங்கள் அந்த ஒட்டுவாயை நெருங்கிப் பார்த்தன. 9இல் இருந்த ஏபிஎல் என்ற மரபணு, 22இல் இருந்த பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டி, உடலில் இயல்பாக இல்லாத ஒரு கலப்புப் புரதத்தைப் பிறப்பிக்கிறது என்று தெரிந்தது. ஏபிஎல் ஒரு கைனேஸ் நொதி, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து வேறு புரதங்களின் மேல் ஒட்டிப் ‘பெருகு’ என்று கட்டளை தருவது அதன் வேலை. இயல்பான செல்லில் அந்தக் கட்டளைக்குக் கட்டுப்பாடு உண்டு. கலப்புப் புரதத்தில் அந்தக் கட்டுப்பாடு கழன்றுவிடுவதால் கட்டளை ஓய்வதே இல்லை.

1990இல் ஜார்ஜ் டேலி, ரிச்சர்ட் வான் எட்டன், டேவிட் பால்டிமோர் ஆகியோர் செய்த சோதனையை இந்த வரலாற்றின் நடுத்தூணாகக் கருதுகிறேன். பரபரப்பான செய்திகளில் இதன் பெயர் வருவதே இல்லை. அந்தக் கலப்பு மரபணுவை மட்டும் எலியின் எலும்பு மஜ்ஜைச் செல்களில் புகுத்தி, அவற்றைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய எலிகளுக்குச் செலுத்தினார்கள். அந்த எலிகளுக்குச் சி.எம்.எல். போன்ற நோய் வந்தது. பிலடெல்பியா குரோமோசோம் நோயின் அடையாளம் மட்டும்தானா என்று முப்பது ஆண்டுகளாக நீடித்த ஐயம் அத்தோடு தீர்ந்தது. எதை முடக்க வேண்டும் என்பதற்கு ஐயமற்ற விடை கிடைத்த பிறகுதான் மருந்து தேடுவதற்கே பொருள் இருக்கிறது; பெரும்பாலான ‘ஆய்வகத்தில் அழித்தது’ செய்திகளில் இந்த அடித்தளமே கிடையாது.

அதே காலத்தில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கைகி நிறுவனத்தில் அலெக்ஸ் மாட்டர், நிக்கலஸ் லிடன் ஆகியோரின் குழு கைனேஸ்களை முடக்கும் மூலக்கூறுகளைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது நிபுணர்கள் பலர் இதை வீண்வேலை என்றுதான் நினைத்தார்கள். மனித உடலில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஏ.டி.பி. அமரும் குழி ஏறக்குறைய ஒரே வடிவம். ஒன்றை அடைத்தால் மற்றவையும் அடைபட்டு நோயாளியே இறந்துவிடுவார் என்பது அவர்களின் வாதம். வேதியியலாளர் யூர்க் சிம்மர்மன் அந்த வாதத்தை மூலக்கூறு வடிவமைப்பால் முறியடித்தார். அவர்கள் தொடங்கிய மூலக்கூறு வேறொரு கைனேஸை மந்தமாக முடக்குவது. அதன் ஓரிடத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தபோது அந்தப் பழைய இலக்கின் மீதிருந்த பிடி அற்றுப்போய், வேண்டிய கைனேஸ்களின் மீதான பிடி மட்டும் நின்றது. கரையாமல் அடம்பிடித்த மூலக்கூறின் வாலில் பைப்பரசின் வளையம் ஒன்றைச் சேர்த்தபோது அது நீரில் கரைந்து, மாத்திரையாக விழுங்கத் தக்கதாயிற்று. அதுவே இமாடினிப். ஏபிஎல் ஓய்வு நிலையில் மடங்கியிருக்கும்போது மட்டும் திறக்கும் ஓர் இடுக்கில் அது போய்ச் செருகிக்கொள்கிறது என்பதும், ஓய்வு நிலையில் கைனேஸ்கள் ஒன்றுபோல் மடங்குவதில்லை என்பதால்தான் அது பிறவற்றை விட்டுவிடுகிறது என்பதும் பின்னாளில் படிக அமைப்பைப் பார்த்தபோதுதான் விளங்கின.

அமெரிக்காவின் ஓரிகனில் இருந்த பிரையன் டிரக்கர் என்ற புற்றுநோய் மருத்துவர் லிடனிடமிருந்து அந்த மூலக்கூறுகளை வாங்கிச் சோதித்தார். அவர் புற்றுநோய்ச் செல்களோடு மட்டும் நிறுத்திக்கொள்ளவில்லை. சி.எம்.எல். நோயாளிகளிடமிருந்து எடுத்த செல்களையும் நலமாக இருப்பவர்களிடமிருந்து எடுத்த செல்களையும் கூழ் போன்ற ஊடகத்தில் தனித்தனியே விதைத்து, ஒவ்வொரு தாய்ச் செல்லும் பெருகிக் கொத்தாக வளர விட்டு, அந்தக் கொத்துகளை நுண்ணோக்கியின் கீழ் எண்ணினார்கள். கலப்பு மரபணு உள்ள கொத்துகள் 92 முதல் 98 சதவீதம் குறைந்தன. நலமான செல்களின் கொத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1996இல் இது வெளியாயிற்று. முன்னே சொன்ன ஊதா நிறச் சோதனையிலிருந்து இதைப் பிரிப்பது ‘நலமான கொத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்ற அந்த ஒரு வரிதான்.

அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் தாமதம். ஊசி வடிவில் நாய்களுக்குக் கொடுத்தபோது ரத்தம் உறைந்தது; மாத்திரை வடிவில் அதிக அளவு கொடுத்தபோது கல்லீரல் பாதிக்கப்பட்டது. இதற்கிடையே சீபா-கைகி, சாண்டோஸோடு இணைந்து நோவார்ட்டிஸ் ஆயிற்று. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கே வரும் நோய்க்கு மருந்து செய்து என்ன லாபம் என்ற கணக்கும் உள்ளே ஓடியது. 1998 ஜூனில் மனிதர்களிடம் முதற்கட்டப் பரிசோதனை தொடங்கியது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொண்ட 54 நோயாளிகளில் 53 பேரின் ரத்த அணு எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. முதற்கட்டப் பரிசோதனையின் நோக்கம் பாதுகாப்பான அளவைக் கண்டறிவது மட்டுமே என்பதை அறிந்தவர்களுக்குத்தான் இந்த எண்ணின் வியப்பு முழுமையாகப் புரியும். செய்தி பரவியதும் மருந்து போதவில்லை. உற்பத்தியைக் கூட்டக் கோரி நோயாளிகளே ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு நிறுவனத் தலைவருக்கு மனு அனுப்பினார்கள். 2001 மே 10 அன்று அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன் எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துகொள்ள முடியாதவர்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளே வாழ்ந்த நோயில், இமாடினிபில் தொடங்கியவர்களில் 83 சதவீதத்தினர் பத்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள் என்று அதன் நீண்டகால ஆய்வு காட்டியது.

‘மறைத்துவிடுகிறார்களா’ என்ற ஐயத்துக்கு இங்கேதான் விடை இருக்கிறது. வேலை செய்யும் மருந்தை எந்த நிறுவனமும் பூட்டி வைக்காது. அதில் கோடிகள் இருக்கின்றன. நியாயமாகக் கோபப்பட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, லாபம் தெரியாத நோய்க்குத் தயங்குவது. மற்றது விலை. இதே இமாடினிபின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. அறிந்த மருந்தின் புதிய வடிவத்துக்குக் கூடுதல் பலன் நிரூபிக்கப்படாமல் காப்புரிமை கிடையாது என்னும் 3(டி) பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. காப்புரிமை மறுப்பை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று உறுதிசெய்தது. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் விலை சொல்லப்பட்ட மருந்தின் இந்தியத் தயாரிப்பு அப்போது பத்தாயிரத்துக்கும் குறைவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், அந்தத் தீர்ப்பின் எடை விளங்கும்.

ஒப்புதல் கிடைத்த அதே 2001இலேயே அடுத்த சிக்கலும் தெரிந்துவிட்டது. முற்றிய கட்டத்தில் மருந்து தொடங்கிய நோயாளிகளுக்கு நோய் திரும்பியது. சார்ல்ஸ் சாயர்ஸின் ஆய்வகம் அவர்களின் செல்களைப் பிரித்துப் பார்த்தபோது, சோதித்த ஒன்பது பேரில் ஆறு பேரிடம் ஏபிஎல்லின் 315ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலூசின் என்ற வேறொன்று இருந்தது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து பற்றிக்கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பு போய், அது நுழையும் வழியும் அடைபட்டுவிடும். நொதியின் வேலையோ கெடாது. இதை ஒரு தோல்வியாகவே சிலர் எழுதினார்கள். எனக்கு அது நேர்மாறாகவே படுகிறது. செல் தப்பிக்க முயன்ற வழியும் அதே புரதத்தில்தான் இருந்தது என்பது, இலக்கு சரி என்பதற்கு நோயே கொடுத்த சாட்சி. தசாடினிப், நிலோடினிப் என்று அடுத்த மருந்துகள் சில ஆண்டுகளில் வந்தன. ஆனால் அந்த 315ஆம் இட மாற்றத்தை அவற்றாலும் வெல்ல முடியவில்லை. அதை வெல்லும் பொனாடினிப் 2012இல் வந்தது, ஏ.டி.பி. குழியைத் தொடாமலே புரதத்தின் வேறொரு பக்கத்தில் ஒட்டும் அசிமினிப் 2021இல் வந்தது.

அப்படியானால் எல்லாப் புற்றுநோய்க்கும் இதையே செய்ய வேண்டியதுதானே என்று கேட்கலாம். செய்துதான் பார்க்கிறார்கள். ஆனால் தொடக்க நிலைச் சி.எம்.எல். ஒரே கோளாற்றை நம்பி வாழும் அபூர்வமான நோய். நுரையீரல், கணையம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் கட்டிகள் அப்படியல்ல. லண்டனில் சார்ல்ஸ் ஸ்வான்டனின் குழு சிறுநீரகக் கட்டிகளின் பல பகுதிகளிலிருந்து தனித்தனியே மாதிரி எடுத்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், மரபணு மாற்றங்களில் 63 முதல் 69 சதவீதம் வரை எல்லாப் பகுதிகளிலும் காணப்படவில்லை. அதாவது, ஒரே கட்டியின் இந்த ஓரத்தில் இருக்கும் செல்லும் அந்த ஓரத்தில் இருக்கும் செல்லும் வெவ்வேறு கிளைகளாகப் பிரிந்து வளர்ந்தவை. ஊசி போட்டு ஓரிடத்தில் எடுக்கும் பயாப்சியை வைத்து மருந்து தேர்ந்தால், மறு கிளை தப்பித்துவிடும். கேராஸ் என்ற புரதம் பல கட்டிகளுக்கு உந்துவிசை என்பது 1980களிலிருந்தே தெரியும். ஆனால் அதன் வழவழப்பான மேற்பரப்பில் மருந்து பற்றிக்கொள்ள இடமே இல்லை என்று கைவிட்டிருந்தார்கள். கெவன் ஷோகாட்டின் ஆய்வகம் 2013இல் அதன் ஒரு பிறழ்ந்த வடிவத்தில் ஒளிந்திருந்த சிறு பள்ளத்தைக் கண்டது. முதல் மருந்தான சோட்டோரசிப் 2021இல் ஒப்புதல் பெற்றது. நாற்பது ஆண்டு உழைப்பில் கிடைத்த அந்த மருந்தும் பெரும்பாலான நோயாளிகளுக்குத் தருவது மாதக் கணக்கிலான அவகாசமே.

எலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்ப்பாற்றல் அழிக்கப்பட்ட எலியின் தோலுக்கடியில் மனிதச் செல்களை ஊன்றி, சில வாரத்தில் வளர்ந்த கட்டிக்கு மருந்து கொடுத்துக் கரைப்பதுதான் வழக்கமான எலிச் சோதனை. மனிதரில் அந்தக் கட்டி வளரப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும், பரவியிருக்கும், எதிர்ப்பாற்றலோடு போராடிப் பழகியிருக்கும். ஜூடா போக்மன் ஆய்வகத்தின் எண்டோஸ்டாடின் எலிகளில் கட்டிகளை மறையச் செய்தது என்று 1998இல் உலகமே கொண்டாடியது. மனிதர்களில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கட்டிக்கு ரத்தக் குழாய் போகாமல் தடுக்கலாம் என்ற அவருடைய கருத்து மட்டும் பிழைத்து, 2004இல் பெவசிசுமாப் என்ற வேறொரு மருந்தாக வந்தது. ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் செல் வரிசைகளிலும் குளறுபடிகள் உண்டு. மார்பகப் புற்றுநோய்ச் செல் என்று எண்ணிப் பல ஆய்வகங்கள் நெடுங்காலம் வளர்த்துவந்த ஒரு வரிசை, உண்மையில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலிருந்து வந்தது என்று பின்னர் தெரிந்தது. ஆம்ஜென் நிறுவன ஆய்வாளர்கள் பேர்பெற்ற 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் ஆறு மட்டுமே தேறின என்று 2012இல் எழுதினார்கள். இது மோசடிக் கணக்கு அல்ல. சிறிய மாதிரி, சாதகமான முடிவை மட்டும் வெளியிடும் பழக்கம், முதலில் வெளியிட வேண்டும் என்ற அவசரம் ஆகியவற்றின் கூட்டு.

எதிர்ப்பாற்றல் சிகிச்சையிலும் இதே பொறுமைதான் வேண்டியிருந்தது. நோயாளியின் எதிர்ப்பாற்றல் அணுவான டி செல்லுக்கு, புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் செயற்கை ஏற்பியைப் பொருத்தும் கருத்து 1980களின் இறுதியில் பிறந்தது. முதல் தலைமுறைச் செல்கள் உடலுக்குள் போனதும் நிலைக்காமல் மறைந்தன. இரண்டாம் சமிக்ஞை ஒன்றைச் சேர்த்த பிறகுதான் அவை பெருகி நின்றன. அமெரிக்காவில் 2017இல் முதல் ஒப்புதல். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய இதே வகைச் சிகிச்சையான நெக்ஸ்கார்19, 2023இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது.

ஆகவே அடுத்த முறை அப்படியொரு செய்தியைப் பார்க்கும்போது, அது தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்று முதலில் தேடுங்கள். மனிதரில் என்றால் எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டு, கட்டி சுருங்கியதா அல்லது ஆயுள் நீண்டதா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழுள்ள சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிவாக வேண்டும். யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் ஒருவர் சிகிச்சையில் இருந்து, ஒரு புதிய மருந்தைப் பற்றிய பேச்சு காதில் விழுந்தால், அதன் பெயரை அங்கே இட்டுப் பாருங்கள். அங்கே பதிவு இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், இந்தப் பரிசோதனையில் நாங்கள் சேரத் தகுதி உண்டா என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள்.